மூன்றாவது எண்

வெள்ளைச்சாமி வயரைத்தான் வெட்ட வந்தார். மாடி ஜன்னலிலிருந்து எங்கள் ஜன்னலுக்கு இறங்கும் நீல வயர். என் வீட்டுக்காரர் முத்துராஜ் அதைக் கையால் பற்றிக்கொண்டு, "வேணாம்ணே" என்று சொல்லி முடிப்பதற்குள் தாவ் என்னும் வெட்டுக்கத்தி இறங்கிவிட்டது. வயர் அறுந்தது. அவருடைய வலது கையின் சுண்டுவிரலும் பக்கத்து விரலும் ஜன்னல் கட்டையில் தனியாகக் கிடந்தன. ரத்தம் ஒரு நொடி கழித்துத்தான் வந்தது. வந்த பிறகு நிற்கவில்லை.

அந்த நேரம் பார்த்து மாடியிலிருந்து வெள்ளைச்சாமியின் மகள் கார்த்திகா கத்தினாள். "அப்பா! நெட் வந்துருச்சுப்பா!"

தம்பியின் ரத்தத்தைக் கண்டு வெளுத்துப்போயிருந்த வெள்ளைச்சாமியின் முகத்தில் வெறி திரும்பி வந்ததை நான் பார்த்தேன். "பாத்தியாடா! ஒன் வயர வெட்டுனதும் வருது. கூடப் பொறந்தவன்னு நம்புனேனேடா, எம்புள்ள படிப்புல மண்ணள்ளிப் போட்டுட்டியே!" தரையில் சரிந்து உட்கார்ந்திருந்தவரை நெஞ்சில் மிதித்தார். மறுபடியும் மிதித்தார். எனக்குக் கண்மண் தெரியவில்லை. அடுப்படியிலிருந்த தோசைக்கல்லை எடுத்து அவர் முகத்தில் அறைந்தேன். மூக்கு உடைந்தது என் கைக்கே தெரிந்தது. பொய் சொல்ல மாட்டேன், நன்றாகத்தான் இருந்தது.

மேலேயே வயரைப் பிடுங்கியிருக்கலாம் அவர். கோபக்காரனுக்கு அது போதாது. எனக்கும் போதவில்லையே.

இந்தத் தீவின் லம்பா லைன் பகுதியில் மாமனார் கட்டிய வீடு இது. மாடி அண்ணனுக்கு, கீழே தம்பிக்கு. டெலிபோன் லைன் மாமனார் பெயரில் மாடியில் இருந்தது, மோடமும் அங்கேயே. கீழே புது இணைப்புக்கு விண்ணப்பித்துவிட்டு ஒன்றரை வருடமாகக் காத்திருந்தோம். அதனால் சென்னையிலிருந்து கப்பலில் ஒரு ரூட்டர் வரவழைத்து, மேலிருந்து வயர் இழுத்து, போன ஞாயிற்றுக்கிழமை நானே மாட்டினேன். ஆபீசில் கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவள் என்ற திமிர். மாட்டியதும் மேலேயும் நெட் நின்றது, கீழேயும் வரவில்லை.

காரணம் திங்கட்கிழமையே ஆபீசில் தேடிப் படித்துவிட்டேன். மோடத்துக்கும் ரூட்டருக்கும் கம்பெனிக்காரன் ஒரே விலாசத்தைக் கொடுத்திருந்தான்: 192.168.1.1. ஒரே தெருவில் ஒரே கதவு எண்ணோடு இரண்டு வீடு இருந்தால் தபால்காரன் என்ன செய்வான்? ரூட்டரின் விலாசத்தில் மூன்றாவதாக இருக்கும் 1-ஐ 2 என்று மாற்றி, தனித்தெரு ஆக்க வேண்டும். வயரை மஞ்சள் துளையிலிருந்து எடுத்துத் தனியாக இருக்கும் நீலத்துளையில் செருக வேண்டும். இரண்டு நிமிட வேலை. மாலை அதைச் செய்யத்தான் வீட்டுக்கு வந்தேன்.

கார்த்திகா கடல் தாண்டி மெயின்லேண்டில் எந்தக் காலேஜில் சேர விருப்பம் என்று நெட்டில் பதிய வியாழன் மாலை ஐந்து மணி கெடு. "நான் வந்து பதிஞ்சு தர்றேங்க்கா" என்று அன்று மாலை படியில் நின்று ஓரகத்தி ஒச்சம்மாவிடம் சொன்னேன். அவள் என்னிடம் பேசவில்லை, மகளிடம் பேசினாள். "தகரக் கொட்டாயில கஞ்சிக்கு வரிசை நின்னவ கை இதுல படவேணாம்டி."

சுனாமியில் ஹட் பே என்ற ஊரில் அம்மாவையும் தம்பியையும் கொடுத்துவிட்டு இரண்டு வருடம் நிவாரணத் தகரக் கொட்டகையில் கிடந்தவள் நான். கஞ்சிக்கு வரிசை நின்றது நிஜம். இறங்கி வந்து ரூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். எதையும் மாற்றவில்லை, வயரையும் பிடுங்கவில்லை. எனக்கும் நெட் இல்லை, போகட்டும், அவளுக்கும் வேண்டாம் என்று மூன்று நாள் அப்படியே விட்டேன். அபர்டீன் பஜார் நெட் சென்டரில் இரண்டு நாள் வரிசையில் நின்று, பக்கம் திறக்காமல் கார்த்திகா அழுதுகொண்டே திரும்பியதையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். வெள்ளைச்சாமி தினமும் வந்து, "கீழ என்னடா பண்றீங்க?" என்று தம்பியைக் கேட்டார். ஒன்றும் தெரியாதவர் என்ன சொல்வார்? சிரித்தார்.

ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போகும்போதும் முத்துராஜ் அதையேதான் சொன்னார். "நான் அந்த வயரத் தொட்டதுகூட இல்ல, மங்கை. அண்ணன்ட்ட நீயாச்சும் சொல்லு." விரல்களைத் துண்டில் சுற்றி என் மடியில் வைத்திருந்தேன். தைக்க முடியாது என்றுவிட்டார்கள். "ஜகடா கிஸ் பாத் கா?" என்று போலீஸ்காரர் என்ன சண்டை என விசாரித்தார். மாற்றுத்துணி எடுத்து வந்து சொல்கிறேன் என்று நழுவி வந்தேன்.

வீட்டில் ஜன்னல் கட்டையை யாரோ கழுவியிருந்தார்கள். கார்த்திகா எங்கள் வாசல்படியில் உட்கார்ந்திருந்தாள், கையில் ஒரு வெற்றுத் தாளோடு.

"பதிஞ்சுட்டேன் சித்தி. அஞ்சுக்கு அஞ்சு நிமிஷம் இருக்கறப்ப." தாளை மடித்துக்கொண்டே சொன்னாள். "அப்பாவ போலீஸ் தாணாவுக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. சித்தப்பாதான் வேணும்னே நெட்ட நிறுத்துனாருன்னு நான் எழுதிக் குடுக்கணுமாம், அம்மா சொல்றாங்க. அப்பத்தான் கேஸ் நிக்காதாம்."

நான் படியில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"சித்தப்பாவா பண்ணாரு, சித்தி?"

இந்த வீட்டில் என்னை முதல்முதலாக உறவு வைத்துக் கூப்பிட்டவள் இவள்தான். கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய்க் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்தேன். அந்தக் கையை விடாமலே ரூட்டரின் பக்கத்தைத் திறந்தேன். அதற்கு நெட் தேவையில்லை. நான்கு எண்களும் வந்தன. மூன்றாவதன் மேல் விரலை வைத்தேன்.

"இதப் பாரு, கார்த்தி. இது எனக்குத் திங்கக்கெழமையே தெரியும்."

1-ஐ அழித்து 2 என்று அடித்தேன். ரூட்டரின் விளக்குகள் எல்லாம் ஒருதரம் அணைந்து, ஒவ்வொன்றாக மறுபடி எரிந்தன. மஞ்சள் துளையில் செருகிய ஒரு முழ வயர் மேசையிலிருந்து தொங்கிக்கொண்டிருந்தது. அதன் அறுந்த நுனியைக் கழுவ யாருக்கும் தோன்றவில்லை. கார்த்திகா அதைப் பார்த்தாள். பிறகு என் கையிலிருந்து தன் கையை மெதுவாக உருவிக்கொண்டாள்.