மூன்று கனூத்தோக்களும் ஒரு ராஜாவும்

கல்லறைத் தோட்டத்துக்குப் போகும் வழி முழுக்க எவாரிஸ்தோ மகளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. மண்வெட்டியைத் தோளில் சாய்த்து முன்னால் போனார். ஹசிந்தா தண்ணீர் வாளியும் துலுக்கச் சாமந்திக் கட்டுமாகப் பின்னால் நடந்தாள்.

ஊற்றடியில் நிறுத்தப்போகும் கல்தான் காரணம். பழங்காலத் தோல்தெக்கு மக்களின் ராஜா தொபில்சின் அந்த ஊற்றருகில்தான் பிறந்தார் என்பது ஊரின் நம்பிக்கை. கல்லில் என்ன எழுதலாம் என்று, தலைநகரில் வரலாறு படித்துவிட்டு வந்த ஹசிந்தாவிடம் ஊர்க் கூட்டம் கேட்டிருந்தது. செதுக்கப்போவது எவாரிஸ்தோ. 'இங்கே பிறந்தார்' என்று எழுத ஆதாரமில்லை என்று நேற்று அவள் கூட்டத்தில் சொன்னாள். அப்போது பூட்டிய வாயை அவர் இன்னும் திறக்கவில்லை. அம்மா போனபிறகு அந்த வீட்டில் பேசிக்கொள்ள இருப்பதே அவர்கள் இருவர்தான்.

வாசலில் பூ விற்றுக்கொண்டிருந்த பொர்ஃபிரியா சும்மா விடவில்லை.

"என்ன எவாரிஸ்தோ, அன்னைக்கு ராசாவ மந்திரவாதிங்க ஊர விட்டுத் துரத்துனாங்க. இன்னைக்கு உம் மகளா?"

"அவரு பட்டினி கெடந்து தவம் பண்ணவரு. மனுசப் பலி கேக்காம, பட்டாம்பூச்சியே போதும்னவரு," என்றார் அவர். பொர்ஃபிரியாவுக்குச் சொன்னாரா மகளுக்கா, தெரியவில்லை.

"அப்புறம் எதுக்குய்யா கற்றாழைக் கள்ளக் குடிச்சிட்டு, கூடப் பொறந்தவளோட மயங்கிக் கெடந்தாராம்?"

அவர் மண்வெட்டியைத் தோள் மாற்றிக்கொண்டு உள்ளே போனார். இந்தக் கேள்வியில் மட்டும் அவர் எப்போதும் மாட்டிக்கொள்வார்.

இறந்தவர்கள் ஆண்டுக்கொருமுறை வீடு திரும்புவதாக ஊர் நம்பும் நாள் நாளை. இருவரும் எதிரெதிரே குனிந்து களை பிடுங்கினார்கள். வரிசையாக முன்னோரின் மூன்று கற்கள். மூன்றிலும் கனூத்தோ என்றே பெயர். பிறந்த நாளுக்குரிய புனிதரின் பெயரைப் பிள்ளைக்கு வைப்பது ஊர் வழக்கம். கனூத்தோ என்ற புனிதரின் நாளில் இந்தக் குடும்பத்தில் ஆண் பிள்ளைகள் பிறந்துகொண்டே இருந்தார்கள்.

"சீட்டாட்டத்துல சோளக்காட்ட விட்டது எந்தக் கனூத்தோப்பா?" வேறு பேச்சு கிடைக்காமல்தான் கேட்டாள்.

அவர் ஒரு களையை வேரோடு பிடுங்கி எறிந்தார்.

"நடுவுல இருக்கறவரு. வாதுமை மரம் நட்டவரு அந்த ஓரத்துல. இவரு செத்த பெறகுதான் அவரு பொறந்தாரு. உங்க மாமன் பசங்க எல்லாத்தையும் ஒரே ஆளு தலையில கட்டிட்டானுங்க. காலையில மரம் நட்டாராம், சாயங்காலம் காட்ட வெச்சு ஆடுனாராம்!"

சிரித்துவிட்டார். பேசிவிட்டோமே என்று உடனே முகத்தை இறுக்கிக்கொண்டார்.

ஹசிந்தாவின் கை களையிலேயே நின்றது.

"அப்பா... ராஜாவோட இன்னொரு பேரும் அவரு பொறந்த நாளோட பேருதானே? பழைய பஞ்சாங்கத்துல ஒன்று நாணல்ங்கற நாளு."

"ஆமா."

"அந்த நாளும் சுத்திச் சுத்தி வந்துட்டேதானே இருந்துது?"

அவர் மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டுக் கல்லறை விளிம்பில் உட்கார்ந்தார். எழுத்தில் படிந்திருந்த பாசியை நகத்தால் சுரண்டினார்.

"அப்ப தவம் கெடந்தவரு வேற, குடிச்சவரு வேறயா?"

"இருக்கலாம்பா. ஒரே ஆளாவும் இருந்திருக்கலாம். தெரியல."

"இங்க பொறந்தது?"

"அதுவும் தெரியல. ஆனா நம்ம ஊரு அப்படிச் சொல்லிட்டு வருதுல்ல, அது நெசம். அத எழுதலாம்."

"எப்படி எழுதுவ, சொல்லு."

அவள் யோசித்து, மெதுவாகச் சொன்னாள்: "ஒன்று நாணல் இந்த ஊற்றருகே பிறந்தார் என்று இவ்வூரார் சொல்கிறார்கள். அப்பெயரில் இருந்தவர் ஒருவரா பலரா என்பது இன்னும் தெரியவில்லை."

அவர் உதடசைத்துச் சொல்லிப் பார்த்தார். பிறகு கனூத்தோவின் கல்மேல் கையைச் சாண் சாணாக வைத்து அளந்தார்.

"மேல் பாதியிலயே அடங்கிரும்."

"கீழ?"

"சும்மா விட்டுருவேன். நாளைக்கு ஏதாச்சும் தெரிய வந்தா வெட்ட எடம் வேணாமா?"

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு பூக்கட்டைப் பிரித்தாள். நடுக் கல்லுக்கு அவள் எடுத்த பூவைப் பார்த்து அவர் முகம் சுளித்தார்.

"இன்னும் கொஞ்சம் வையி. சீட்டாடுனவருன்னு கஞ்சத்தனம் பண்ணாத."