இடது காதுத் திருகாணி

"தோட்டைக் கழட்டிக் குடுங்கம்மா, இங்கயே பாத்துருவோம்" என்று தனபால் ஒரு கையை நீட்டினான். மறு கையில் நகைக்கடை லென்ஸ். விடியுமுன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்விட்ட அப்பா கந்தசாமி ஐஸ் பெட்டிக்குள் கிடக்கிறார்; அவர் தலைமாட்டில் நின்றுகொண்டு மகன் வைரம் சோதிக்கிறான். அமுதாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சேலத்திலிருந்து மலையேறி வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை, வாசலிலேயே அண்ணன் ஆரம்பித்துவிட்டான். "வந்துட்டியா? உன்ற கல்லு வேலையக் காட்டிருச்சு." பக்கத்து லாட்ஜில் தங்கியிருந்த சுற்றுலாக்காரர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். துக்கத்துக்கு வந்த பெண்கள் அழுகையை நிறுத்தி அவளையே பார்த்தார்கள். அப்பனைக் கொன்றவள் என்ற பெயர் ஒரு வாசல் தாண்டுவதற்குள் அவள் மேல் ஒட்டிக்கொண்டது.

அப்பாவின் அறுபதாம் கல்யாணத்துக்கு அம்மாவுக்கு அவள் வாங்கித் தந்த ஒற்றைக்கல் தோடு அது. ஏனோதானோவென்று வாங்கியதில்லை. பின்பக்கம் மூடிய கட்டு என்றதும் வேண்டாம் என்றாள்; மூடிய கட்டில் எந்தக் குறையையும் ஒளித்துவிடலாம். கடை விளக்கில் எல்லாக் கல்லும் ஜொலிக்கும் என்று வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுவரச் சொன்னாள். ஒரு ஜோடியில் கல்லைப் பிடித்திருக்கும் கவ்வுக்கு அடியில் கீறல் தெரிந்தது, திருப்பித் தந்தாள். கல்லின் விளிம்பில் பொறித்த எண்ணும் சான்றிதழில் இருந்த எண்ணும் ஒன்றுதானா என்று லென்ஸில் பார்த்த பிறகே பையைத் திறந்தாள். அதற்கு மேல், வைரம் வாங்கினால் செய்கிற வழக்கப்படி அப்பா அதை மூன்று இரவு தலையணைக்கு அடியில் வைத்துத் தூங்கி, "கெட்ட கனவு ஒண்ணும் வல்ல கண்ணு, ராசியான கல்லு" என்றார்.

"நீங்களே பாருங்கண்ணா. எங்க குறை இருக்குதுன்னு எல்லாருக்கும் காட்டுங்க" என்றாள் அமுதா.

அம்மா பாப்பாத்தி முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒற்றைத் தோட்டை எடுத்தாள். அது வலது காதுடையது. இடது காதை முக்காட்டால் மூடியிருந்தாள். தனபால் ஜன்னலோரம் போய் லென்ஸைக் கண்ணில் வைத்து, திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"இதுல இல்ல. இடதுலதான் காகபாதம் இருக்குது. காக்காய்க் கால் மாதிரி கரும்புள்ளி. அன்னைக்கே சொன்னனில்லம்மா? ஊட்டு ஆம்பளைக்கு ஆகாதுன்னு?"

"சொன்ன சாமி" என்றாள் அம்மா. காலையிலிருந்து அவள் பேசிய முதல் வார்த்தை அது. "நீ சொன்னதுலருந்து உங்கப்பாவுக்கு நெஞ்சு வலிக்கறப்பெல்லாம் தோட்டைக் கழட்டி உப்புத் தண்ணியில போட்டுருவேன். நின்னுபோச்சும்பாரு."

அமுதா அம்மா பக்கம் திரும்பினாள். "வலியா? எப்பருந்தும்மா?"

"ஆடியிலருந்தே. ஆஸ்பத்திரிக்குப் போலாமுன்னேன். போனா உங்கிட்டச் சொல்லோணும், கல்லாலன்னு தெரிஞ்சா புள்ள மனசு ஒடைஞ்சுரும்னாரு. இன்னைக்கு விடியறதுக்கு முன்னால நொம்ப வலின்னாரு. வலது திருகாணி வந்துருச்சு. இடது வல்ல கண்ணு. அவுரு என்னையே பாத்துட்டு இருக்காரு, நான் இந்தத் திருகாணியோட மல்லுக்கட்டிட்டு இருக்கேன். இது வந்துருந்தா பொழைச்சிருப்பாரு."

முக்காடு நழுவியது. காது மடல் கிழிந்து ரத்தம் உறைந்திருந்தது. கல்லை எத்தனை பக்கம் திருப்பிப் பார்த்தோம், அப்பாவை ஒரு முறை நிமிர்ந்து பார்க்கவில்லையே என்று அமுதாவுக்கு நெஞ்சு எரிந்தது.

தனபால் லென்ஸை மடக்கினான். "அம்மா, நான் அன்னைக்கு லென்ஸே வச்சுப் பாக்கல" என்றான். "பந்தல், சாப்பாடு எல்லாம் நான் போட்டேன். வந்தவங்க பூராம் இவ தோட்டையே பாத்தாங்க. ஆத்தரத்துல சொல்லிட்டேன். இப்ப அப்பா போனதும், உள்ளபடியே இருக்குமோன்னு..."

அம்மாவுக்கு அது காதில் விழுந்ததாகவே தெரியவில்லை. அமுதாவுக்கு வசவு நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அவன் கழுத்தைப் பிடித்து அந்தப் பெட்டி மேலேயே மோத வேண்டும்போல் இருந்தது.

"வெளிய போங்க" என்றாள். "எம் மூஞ்சியில முழிக்காதீங்க."

வாசலில் தப்பு முழங்கத் தொடங்கியது. அத்தை அம்மணி தேங்காய் எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்தாள். "எடுக்கற நேரம் ஆச்சு. அதுக்குள்ள அந்தத் தோட்டையும் கழட்டிரோணும்."

"நான் கழட்டறேன்" என்றாள் அமுதா.

அம்மாவின் தலையை மடியில் சாய்த்துக்கொண்டு திருகாணியில் எண்ணெய் விட்டாள். இரண்டு விரலால் பிடித்துத் திருப்பினாள். முதல் திருப்பிலேயே அது தளர்ந்து சுழன்றது. பதற்றத்தில் அம்மா அதை எந்தப் பக்கம் திருகினாளோ.

"வருதா கண்ணு?"

அமுதா திருகாணி கழன்று விழாமல் விரலால் அழுத்திக்கொண்டாள்.

"இல்லம்மா. நொம்ப இறுகிக் கெடக்குது. யாரு கையிக்கும் வராது" என்று சொல்லிவிட்டு, கழன்ற திருகாணியை மெல்லத் திருகிக்கொண்டே இருந்தாள்.