பின்வரிசைப் பெட்டிகள்

கொரியாவின் புப்யோங் பக்கம் மேடையேறிய யாரைக் கேட்டாலும் பியங்ஹோவின் கிட்டார் அறையைப் பற்றிச் சொல்வார்கள். கிட்டார் மட்டுமல்ல. மாண்டலின், பான்ஜோ, அக்கார்டியன், நரம்பு அறுந்த ஒரு கயாகும் என்ற கொரிய யாழ் என்று சுவர் தெரியாமல் சேர்த்து வைத்திருந்தார். அவருடைய குழுவில் ஓக்ரான் இளம் வயதிலிருந்தே பேஸ் கிட்டார் வாசித்துவந்தாள். வாசித்துவந்த கிளப்புகள் மூடியபின் கல்யாண மண்டபங்களுக்கு வந்தார்கள், அங்கேயே தலையும் நரைத்தது.

அந்த மழைக்காலத்தில் பியங்ஹோ பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரியில் விழுந்தார். பாதி நிலத்துக்குள் இறங்கிய வீடு அவருடையது. சுவரில் தண்ணீர் ஊறத் தொடங்கியதும் அவர் மனைவி சுனே, ஓக்ரானுக்குப் போன் செய்தாள்.

"அந்த ரூமுக்குள்ள என்னைக் கூட்டக்கூட விட்டதில்ல அவரு. எதை எப்படித் தூக்கணும்னு எனக்கென்ன தெரியும்? நீ வந்தாத்தான் ஆகும்."

ஓக்ரான், டிரம்ஸ் வாசிக்கும் சில்போக்கையும் அவனுடைய வேனையும் கூட்டிக்கொண்டு போனாள். காலை முழுக்கச் சுமந்தார்கள்.

"இத்தனை கிட்டாரு வச்சிருந்தும் மனுஷன் மேடையில வாசிச்சது அதே நாலு பாட்டுதானேக்கா," என்றான் சில்போக்.

"வாயை மூடிட்டுத் தூக்கு. அண்ணன் காதுல விழுந்துச்சுன்னா எழுந்து வந்து உதைப்பாரு."

மெத்தைகள் வைக்கும் அலமாரியை நகர்த்தியபோதுதான் அதன் பின்னால் இன்னொரு வரிசை இருப்பது தெரிந்தது. ஈரம் ஏறாதபடி பலகை போட்டு, ஒவ்வொரு பெட்டியையும் பிளாஸ்டிக் தாளில் சுற்றியிருந்தார். நனைந்திருக்கிறதா என்று பார்ப்பதற்காக ஓக்ரான் முதல் பெட்டியைத் திறந்தாள்.

உள்ளே இருந்தது ஒரு சிவப்பு பேஸ் கிட்டார். அதில் சத்தம் கூட்டும் திருகு மட்டும் பழுப்பு நிறம். அது கிட்டாருக்கு உரிய திருகே அல்ல. பழையது உடைந்தபோது அப்பாவின் ரேடியோவிலிருந்து அவளே பிடுங்கி மாட்டியது. அதற்காக அப்பாவிடம் வாங்கிய அறைகூட நினைவிருந்தது.

அவள் ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

இளம் வயதில், சியோலில் ஒரு பெரிய வாத்தியக் குழு அவளைத் தேர்வுக்கு அழைத்திருந்தது. அதற்கு முந்தைய மாலை, கிளப்பின் உடை மாற்றும் அறையிலிருந்து அந்தக் கிட்டார் காணாமல் போனது. பியங்ஹோதான் அவளைப் போலீஸ் நிலையத்துக்குக் கூட்டிப் போனார். மறுநாள் முழுக்க அடகுக் கடைகளில் ஏறி இறங்கினார். தேர்வு நேரம் கடந்தபின் பன்றிக்குடல் சூப் வாங்கிக் கொடுத்து, தன் பேஸ் ஒன்றை அவள் மடியில் வைத்தார். "கிடைக்கிற வரைக்கும் இதை வச்சுக்கோ. நீ என் தங்கச்சி." அன்று அவர் தோளில் சாய்ந்து அழுதாள். அதே பேஸைத்தான் இன்றுவரை வாசித்துக்கொண்டிருக்கிறாள்.

சில்போக் மற்ற பெட்டிகளைத் திறந்தான். ஒரு சாக்ஸபோன். பெயர் பொறித்த ஒரு டிரம்பெட். அந்தப் பெயரைப் படித்ததும் அவன் குரல் இறங்கியது.

"அக்கா, இது கூதேக் அண்ணனோடது."

கூதேக் ஜப்பானுக்குப் போகக் கப்பல் டிக்கெட் எடுத்திருந்தவர். டிரம்பெட் திருட்டுப் போனபின் ஊதுவதையே விட்டுவிட்டு டாக்சி ஓட்டுகிறார். சாக்ஸபோன்காரன் வேறொரு குழுவில் சேர இருந்தான். அங்கே இருந்த ஒவ்வொன்றும் குழுவை விட்டுக் கிளம்ப இருந்த ஒருவருடையது. எல்லாமே துடைத்து, எண்ணெய் போட்டு, பளபளவென்று இருந்தன.

வாசலில் நின்ற சுனே பார்லி டீ தட்டைக் கீழே வைத்தாள். "எனக்குத் தெரியாது ஓக்ரானு. சத்தியமாத் தெரியாது. அவரு பிழைச்சு வரட்டும், அதுவரைக்கும் வெளிய சொல்லிடாதம்மா."

"மன்னிச்சிடுங்க அண்ணி. கூதேக் அண்ணன்கிட்ட இன்னிக்கே சொல்லணும்."

முதலில் ஆஸ்பத்திரிக்குப் போனாள். பியங்ஹோ சன்னலோரம் சாய்ந்திருந்தார். வாயின் ஒரு பக்கம் கோணியிருந்தது. அவள் சிவப்பு பேஸின் பெட்டியைக் கட்டிலில் வைத்துத் திறந்தாள். அவர் ஒரு விரலால் கம்பியைத் தொட்டார்.

"கம்பியெல்லாம்... தளர்த்தி வச்சேன்," என்றார் குழறலாக. "கிட்டாரு கழுத்து வளையாம."

"ஏண்ணே?"

"நீ போயிருப்ப."

"போயிருப்பேன். அதுக்கு?"

"நல்லா வாசிச்ச. நீ போனா... எனக்கு யாரு இருக்கா?"

அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை. அவர் அவளுடைய முழங்கையைத் தொடக் கை நீட்டினார். அவள் பெட்டியை மூடிக்கொண்டு எழுந்தாள்.

கூதேக்கை டாக்சி நிறுத்தத்தில் பிடித்தார்கள். அவர் டிரம்பெட்டை வாங்கி, துணியால் ஒருமுறை துடைத்து, உதட்டில் வைத்தார். காற்றுதான் வந்தது. "கட்டின பல்லுடி இது. பிடிக்க மாட்டேங்குது," என்று சிரிக்கப் பார்த்தார். பிறகு, "அவன் ஒவ்வொரு சூசோக் அறுவடைப் பண்டிகைக்கும் எனக்குப் பேரிக்காய்ப் பெட்டி அனுப்புவான் தெரியுமா?" என்று சொல்லிவிட்டு, வாடிக்கையாளர் வந்து கதவைத் தட்டியும் வண்டியை எடுக்காமல் உட்கார்ந்திருந்தார்.

திரும்பும் வழியில் சில்போக்தான் வேனை ஓட்டினான். வைப்பர் ஓடிக்கொண்டிருந்தது.

"எல்லாப் பெட்டியும் பார்த்தேன்க்கா," என்றான். "என்னோடது ஒண்ணுமே இல்ல."

"இல்லைன்னா நல்லதுதானே?"

"நான் எங்கயும் போயிடுவேன்னு அவரு ஒருநாள்கூட பயப்படல பாருங்க."

ஓக்ரான் அவனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.