வாரிசுச் சான்றிதழ் இல்லாத செயலி

ஓய்வூதியச் செயலி காலமானதும் அலுவலகத்தில் அரை நாள் விடுமுறை விட்டார்கள். மீதி அரை நாள் இரங்கல் கூட்டம். கண்காணிப்பாளர் அருமைநாயகம் செத்த செயலியின் சேவையைப் புகழ்ந்தார். அது ஓடிக்கொண்டிருந்தபோது ஒரு தடவைகூடத் திறந்து பார்க்காத மகராசன்.

குமுதவல்லிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ‘கன்டெய்னர்’ என்ற கணினிப் பயிற்சிக்குத் துறை அனுப்பிய ஒரே ஆள் அவள்தான். செயலியையும் அதற்கு வேண்டியதையும் ஒரே கட்டாகக் கட்டிவிட்டால் எந்தக் கணினியிலும் ஓடும். ‘இருக்கிறாயா?’ என்று கணினி அவ்வப்போது கேட்கும். பதில் வராவிட்டால் அச்சு அசலாக இன்னொன்றை எழுப்பிவிடும். அடுத்த நாள் மாலைக்குள் செயலி ஓடினால் அவளுக்குத் தென்காசிக்கு மாறுதல் உத்தரவு. அங்கேதான் மகள் அமுதினி அப்பாவோடு இருந்தாள். நாலு வயது.

காலையிலேயே புதுச் செயலி எழுந்துவிட்டது. வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தது. ஓய்வூதியத்துக்கு வந்த கிழவிகள் நகர்ந்து இடம் கொடுத்திருந்தார்கள்.

“உள்ள விட வேண்டியதுதானே சார்?” என்று அருமைநாயகத்திடம் கேட்டாள் குமுதவல்லி.

“தானா வந்திருக்கும்மா. யாரு ஆர்டர் போட்டது?”

“செத்ததோட இடத்துக்கு வந்திருக்கு சார்.”

“அப்ப கருணை அடிப்படை. வாரிசுச் சான்றிதழ் கொண்டாங்க.”

“வாரிசு இல்ல சார். அதேதான் இது.”

“அதேன்னா எதுக்கு லீவு விட்டோம்?”

வாதாடிப் புண்ணியமில்லை. தாசில்தார் அறை அதே நடைக்கூடத்தின் கடைசியில் இருந்தது. அவள் நடக்க நடக்க நடைக்கூடம் நீண்டது. மதியத்துக்கு மேல் அந்தக் கட்டடம் அப்படித்தான். வழியில் இரண்டு தடவை பசித்தது.

“தாய் பேரு?” என்றார் தாசில்தார்.

“செயலிக்குத் தாய் கிடையாது சார்.”

“அப்ப உங்க பேரைப் போடுங்க.”

போட்டாள். வெட்கமாக இருந்தது. தென்காசியை நினைத்துக்கொண்டாள்.

சான்றிதழோடு திரும்பி வந்தபோது பெஞ்சில் செயலி இல்லை. அவளுடைய நாற்காலியில் குமுதவல்லி உட்கார்ந்திருந்தாள். அதே புடவை, அதே கைப்பை.

“பியூன் மூணு தடவை வந்து ‘மேடம் இருக்கீங்களா’ன்னு கேட்டாரு,” என்றார் அருமைநாயகம். “பதில் இல்ல. நீங்க சொல்லிக்குடுத்த மாதிரியே இன்னொருத்தரை எழுப்பிட்டோம். அவங்க செயலியை உள்ள விட்டுட்டாங்க. ஜோரா ஓடுது.”

“இவங்ககிட்ட வாரிசுச் சான்றிதழ் கேக்கலையா?”

“எதுக்கு? வருகைப் பதிவேட்டுல கையெழுத்துப் போட்டுட்டாங்களே.”

புதிய குமுதவல்லி மாறுதல் உத்தரவை மடித்துக் கைப்பையில் வைத்தாள். “ரயிலுக்கு நேரமாச்சு. வரட்டுமா மேடம்?” என்று மரியாதையாகக் கேட்டுவிட்டுப் போனாள்.

இரவு பதற்றம் தாங்காமல் குமுதவல்லி தென்காசி வீட்டுக்கு போன் போட்டாள். அமுதினிதான் எடுத்தாள்.

“அம்மா பேசறேன்டி!”

“அம்மா வந்தாச்சு. தோசை சுடறாங்க. நீங்க யாரு?”

மறுநாள் அலுவலகத்தில் அரை நாள் விடுமுறை. இரங்கல் கூட்டத்தில் அருமைநாயகம் குமுதவல்லியின் சேவையைப் புகழ்ந்தார். மௌன அஞ்சலிக்கு எல்லாரும் எழுந்தார்கள். அவளும் எழுந்து நின்றாள். உட்கார்ந்திருந்தால் மெமோ கொடுப்பார்கள்.