காதுக்குள் யோர்தான்

ஒரு வாரமாகப் போதகர் ஸ்டெல்லான் எங்கள் காதுக்குள் குடியிருந்தார். இந்த மாதிரிப் புனிதப் பயணங்களில் ஆளுக்கொரு சின்னப் பெட்டியைக் கழுத்தில் மாட்டி, காதில் ஒரு குமிழைச் செருகிவிடுகிறார்கள். போதகரின் காலரில் பட்டாணி அளவுக்கு ஒரு மைக். அவர் எங்கோ தள்ளி நின்று முணுமுணுத்தாலும் நம் மண்டைக்குள் கேட்கும். கடவுள் தீர்க்கதரிசிகளிடம் இப்படித்தான் பேசியிருப்பார் என்று முதல் நாள் தோன்றியது. மூன்றாம் நாள், தீர்க்கதரிசிகள் ஏன் வனாந்தரத்துக்கு ஓடினார்கள் என்று புரிந்தது.

நாங்கள் சுவீடனின் வடக்கே, பனியையும் பைன் மரத்தையும் தவிர வேறெதுவும் பெரிதாக விளையாத ஒரு சபையிலிருந்து வந்தவர்கள். நான் அங்கே ஆர்கன் வாசிக்கிறவன், பேர் ரூனே. ஸ்டெல்லான் அமைதியில் நிபுணர். அதைப் பற்றிச் சிறு புத்தகமே எழுதியிருக்கிறார். சபை அலுவலக அலமாரியில் கட்டுக் கட்டாக அமைதியாக இருக்கிறது. எந்தப் புனிதத் தலத்துக்குப் போனாலும், "இப்போது மௌனத்துக்குள் இறங்குவோம்" என்பார். எங்கள் ஊர்க்காரர்களை மௌனத்துக்குள் இறங்கச் சொல்வது மீனைப் போய்க் குளிக்கச் சொல்வது மாதிரி. நாங்கள் பாட்டுக்கு உள்ளேதான் இருந்தோம். அவர்தான் அடிக்கடி வெளியே வந்து கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

அன்று காலை பேருந்து கலிலேயாவிலிருந்து பள்ளத்தாக்கு வழியாக இறங்கிக்கொண்டிருந்தது. யோர்தானில் இறங்கி எங்கள் ஞானஸ்நானத்தை நினைவுகூரப் போகிறோம். ஊரில் அந்த மார்ச்சில் பனி ஜன்னல் வரை ஏறியிருந்தது. இங்கே பேரீச்சந்தோப்புகள் வெயிலில் வேர் இல்லாமல் மிதந்தன. கடல்மட்டம் எங்களுக்கு மேலே போய்விட்டது என்று ஒரு பலகை சொன்னது. காது அடைத்தது. ஸ்டெல்லானின் குரல் தூரத்துத் தண்ணீர்ச் சத்தமாக மாறியது. பேருந்தே ஒரு பெரிய மந்தமான மீனாகி, அதன் வயிற்றில் நாங்கள் தொப்பியோடு உட்கார்ந்திருப்பதாக அரைத் தூக்கத்தில் ஒரு எண்ணம். அந்த நேரத்தில் பக்கத்து இருக்கை சிக்ஸ்டன் என் காதிலிருந்து குமிழைப் பிடுங்கினான்.

சிக்ஸ்டன் என் நண்பன், எங்கள் பாடகர் குழுவின் பாஸ் குரல். ஊரில் பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறான். அவன் கீழ் ஸ்வரம் பிடித்தால் முன்வரிசைக் கிழவிகளின் மூக்குக்கண்ணாடி அதிரும்.

"ரூனே, எனக்கு ஞானஸ்நானம் ஆகல."

"எப்போ ஆகல?"

"எப்பவுமே ஆகல."

நான் முழுசாக விழித்துக்கொண்டேன். நான்கு இருக்கை முன்னால் அவன் மனைவி குன்னெல் காபி பிளாஸ்க்கை மடியில் குழந்தை மாதிரி வைத்துக்கொண்டு வந்தாள். இவன் குரலை இன்னும் தாழ்த்தினான். பாஸ் குரல்காரன் தாழ்த்தினால் சத்தம் நெஞ்சில்தான் கேட்கும்.

விஷயம் இதுதான். அவன் அப்பா மர அறுவை ஆலையில் தொழிற்சங்கத் தலைவர். 'இந்தப் போதகர் ஞாயிறு மதியம் ஆலை முதலாளி வீட்டில் சாப்பிடுகிறார், என் மகன் தலையை அந்தக் கை நனைக்கக் கூடாது' என்று அப்பா சொல்லிவிட்டார். ஆனால் அம்மா சபை உறுப்பினர். அந்தக் காலத்தில் எங்கள் நாட்டில் அது போதும். பிறந்த குழந்தை பேர் தானாகவே சபையில் ஏறிவிடும், தண்ணீர் படவேண்டியதில்லை. பேர் இருக்கிறதே என்று யாரும் கேட்கவில்லை. சர்ச்சில் கல்யாணம் நடந்தது. பாடகர் குழுவில் சேர்ந்தான். ஊரில் பாதிப் பிள்ளைகளின் ஞானஸ்நானத்துக்கு இவன்தான் பாடியிருக்கிறான்.

"தொட்டி பக்கத்துல நின்னு பாடும்போதெல்லாம் பேக்கரி கண்ணாடிக்கு வெளிய நிக்கிற மாதிரி இருக்கும்டா."

"இத்தனை வருஷம் நின்னுட்ட. இப்ப என்ன அவசரம்?"

"பேத்திக்குப் பெந்தெகொஸ்தே பண்டிகை அன்னிக்கு ஞானஸ்நானம். ஞானத் தகப்பனா நீதான் நிக்கணும்னு மக கேட்டா. சரின்னுட்டேன்."

ஞானத் தகப்பனாக நிற்கிறவன் ஞானஸ்நானம் பெற்றிருக்க வேண்டும். அந்த ஒரு விதியில் மட்டும் எங்கள் சபை கண்டிப்பு.

"குன்னெலுக்குத் தெரியுமா?"

"கல்யாணத்தன்னிக்கே சொல்லலாம்னு இருந்தேன். கூட்டமா இருந்துச்சு."

"அப்புறம்?"

"அப்புறம் காபி ஆறிடும்னு கூப்பிட்டா."

எனக்குத் தெரிந்த நல்ல யோசனையைச் சொன்னேன். "ஸ்டெல்லான் கட்டை விரலைத் தண்ணியில நனைச்சு நெத்தியில சிலுவை போடுவாரு. 'உன் ஞானஸ்நானத்தை நினைவுகூர்'னு சொல்லுவாரு. நீ ஆமென்னு சொல்லிடு. ஈரமான நெத்திக்கும் ஈரமான நெத்திக்கும் என்ன வித்தியாசம்? யாருக்குத் தெரியப்போகுது?"

அவன் ஜன்னலுக்கு வெளியே பார்த்தான். "பச்சைக் குழந்தையைக் கையில வச்சுக்கிட்டு பொய் சொல்லணும்ங்கிற."

குமிழைத் திரும்பக் காதில் செருகிக்கொண்டேன். ஸ்டெல்லான் அங்கே 'எல்லையைக் கடப்பது' பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.

யோர்தான் நதி எங்கள் ஊரில் மரக்கட்டைகளை மிதக்கவிடும் கால்வாயைவிடக் குறுகல். பால் விட்ட டீ நிறம். நாணல்கள் இரண்டு பக்கமும் குனிந்து தண்ணீரில் தங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தன. அக்கரை வேறு நாடு. ஒரு கல்லை விட்டெறிந்தால் பாஸ்போர்ட் இல்லாமல் போய்ச் சேரும். இரண்டு கரையிலும் துப்பாக்கி வைத்த பையன்கள் நிழல் தேடி நின்றார்கள். அக்கரைப் படிக்கட்டில் ஒரு அரபுக் கிறிஸ்தவக் கூட்டம் கால் நனைத்துக்கொண்டிருந்தது. பெண்கள் ஏதோ ஒரு பாட்டை, யாரும் முடிக்கிற அவசரம் இல்லாமல், கை மாற்றிக் கை மாற்றிப் பாடிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பாட்டும் நதியும் ஒரே வேகத்தில் போயின. நான் எந்த வருஷத்தில் நிற்கிறேன் என்பது கொஞ்ச நேரம் எனக்கு நிச்சயமில்லாமல் இருந்தது.

பிறகு எங்கள் போதகரின் முழங்காலைப் பார்த்தேன், வருஷம் தெரிந்துவிட்டது. வாடகைக்குக் கொடுத்த வெள்ளை அங்கி அவர் உயரத்துக்குப் போதவில்லை. அதற்குக் கீழே இரண்டு கால்கள் வேகவைத்த காட் மீன் மாதிரி ஒளிர்ந்தன.

"இது ஞானஸ்நானம் அல்ல," என்று காதுக்குள் ஸ்டெல்லான் விளக்கினார். "அது ஒருவருக்கு ஒரே முறைதான். நாம் நினைவுகூர மட்டுமே இறங்குகிறோம். நினைவு என்பதும் ஒரு நதி."

இதற்கு ஒத்திகை பார்த்திருப்பார்.

வரிசையாக இறங்கினோம். இடுப்பளவு தண்ணீர், காலடியில் வெண்ணெய் மாதிரிச் சேறு. குன்னெல்தான் முதல். நெற்றியில் சிலுவை வாங்கிக்கொண்டு, ஆமென் சொல்லிவிட்டு, கரையேறி, ஊரிலிருந்து கொண்டுவந்த இலவங்கப்பட்டை பன்களை அடுக்க ஆரம்பித்தாள். என் முறை வந்தது. குளிர்ந்த கட்டை விரல். "உன் ஞானஸ்நானத்தை நினைவுகூர்." மூன்று மாதக் குழந்தையாக வீரிட்டு அழுததாக வீட்டில் சொல்லக் கேள்வி, எனக்கு என்ன தெரியும்? ஆமென் என்றேன்.

எனக்குப் பின்னால் சிக்ஸ்டன்.

"உன் ஞானஸ்நானத்தை நினைவுகூர்."

சிக்ஸ்டன் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"சிக்ஸ்டன்? நினைவுகூர்."

"எனக்கு ஞாபகம் இல்ல."

ஸ்டெல்லான் கனிவாகச் சிரித்தார். "யாருக்குத்தான் இருக்கு? நம்ம எல்லாருமே அப்போ கைக்குழந்தை."

சிக்ஸ்டன் குனிந்தான். போதகருக்கு மட்டும் கேட்கட்டும் என்று அவர் காலருக்குப் பக்கத்தில் வாயைக் கொண்டுபோனான். பட்டாணி மைக்குக்கு நேரே.

"நடக்கவே இல்ல ஸ்டெல்லான். யாரும் எனக்குக் குடுக்கல."

ஒரு சபை முழுவதின் மண்டைக்குள்ளும் அந்தக் கீழ் ஸ்வரம் ஒரே நேரத்தில் அதிர்ந்தது. கரையில் ஒரு கோப்பை விழுந்தது.

"என்னது?" என்றார் ஸ்டெல்லான், அதுவும் எல்லோர் காதிலும். "நீ பாடகர் குழுவுல பாடுறியே!"

"பாஸ்."

"அது தெரியும்!"

"சிக்ஸ்டன்!" என்று கரையிலிருந்து குன்னெல் கத்தினாள். "இத்தனை வருஷமா ஒரு புறஜாதியானுக்கா நான் காபி ஊத்திட்டிருந்தேன்?"

அவன் திரும்பிப் பார்த்தான். அவள் காதில் குமிழ் தொங்குவதைப் பார்த்தான். கழுத்திலிருந்து மேலே சிவந்துகொண்டே போனான். ஆனாலும் ஓடவில்லை. "எனக்குக் குடு ஸ்டெல்லான்," என்றான். "இப்பவே. பேத்தியைப் பொய்யாத் தூக்க முடியாது."

ஸ்டெல்லானின் கை காற்றில் எதையோ தேடியது. "அதுக்கு முன்னாடி ஆயத்த உரையாடல் இருக்கணும். ஜெப நூல் பஸ்ல இருக்கு. சபை ஆபீஸுக்குத் தெரிவிக்கணும், வெள்ளிக்கிழமை மத்தியானமே மூடிடுவாங்க... ஊருக்குப் போய் முறையா, அழகா..."

"சரி," என்றான் சிக்ஸ்டன். "பரவாயில்ல." படிக்கட்டை நோக்கித் திரும்பினான்.

எங்கள் ஜனம் அப்படி. பரலோக வாசலில் 'அப்புறம் வாங்க' என்றால், தொந்தரவுக்கு மன்னிக்கணும் என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டிவிடுவோம்.

குன்னெல் அப்படியில்லை. செருப்போடு தண்ணீரில் இறங்கினாள். "ஸ்டெல்லான்! ஆத்துக்குள்ள இடுப்பளவு நின்னுக்கிட்டு ஆபீஸைத் தேடுறியா? இவன் வாயைத் திறக்க இத்தனை வருஷம் ஆச்சு. ஊருக்குப் போனா மறுபடி மூடிக்குவான்!"

எங்கள் நாட்டில் 'நீங்கள்' கிடையாது, போதகரும் 'நீ'தான். ராஜாவைத் தவிர எல்லோரும் 'நீ'தான். ஆனால் இந்த 'நீ' வேறு ரகம்.

ஸ்டெல்லான் பேசவில்லை. அந்த வாரத்தில் முதல் தடவையாக எங்கள் காதுக்குள் அவர் மூச்சு மட்டும் கேட்டது. அமைதி நிபுணரின் மூச்சு இல்லை அது. பரீட்சைக்குப் படிக்காமல் வந்தவனின் மூச்சு. அக்கரையில் பாட்டு நின்றிருந்தது. அந்தப் பெண்களும் எழுந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"உன் பேர் என்ன?" என்றார் கடைசியில், அவனைத் தெரியாதவர் மாதிரி.

"சிக்ஸ்டன்."

"முழுப் பேர்."

அவன் தயங்கினான். "சிக்ஸ்டன் விளாதிமிர். அப்பா வச்சது, ரஷ்யப் புரட்சித் தலைவர் பேரு."

யாரோ களுக்கென்றார்கள். ஸ்டெல்லான் சிரிக்கவில்லை. இரண்டு கையையும் குவித்து நதியை அள்ளினார். "சிக்ஸ்டன் விளாதிமிர், பிதாவின் நாமத்திலே..." தண்ணீர் அவன் வழுக்கையில் விழுந்து உடைந்தது. "குமாரனுடைய நாமத்திலே..." மூன்றாவது முறை அவர் அள்ளும்போது, பனி தள்ளும் வண்டி ஓட்டியே பழகிய அந்தக் கால்கள் யோர்தான் சேற்றில் வழுக்கின. சிக்ஸ்டன் கைக்குக் கிடைத்ததைப் பிடித்தான். கிடைத்தது போதகர்.

இரண்டு பேரும் மறைந்தார்கள். எங்கள் காதுக்குள் 'குளுக்' என்று ஒரு சத்தம். அதற்கப்புறம் ஒன்றுமே இல்லை. மைக் செத்துப்போயிற்று.

அந்த இல்லாமைக்குள்தான் நதியை முதல்முதலாகக் கேட்டேன். நாணலில் தண்ணீர் உரசுவது. எங்கேயோ ஒரு புறா. குன்னெலின் பதறிய மூச்சு. நீர்மேல் ஒரு வெள்ளை அங்கி பூ மாதிரி விரிந்து சுழன்றது. நேரம் ஓடிற்றா நின்றதா, தெரியாது.

பிறகு இரண்டு தலைகள் எழுந்தன. ஸ்டெல்லான் இருமினார், துப்பினார். கண்ணாடி ஆற்றோடு போயிருந்தது. கண் தெரியாமல் துழாவி, சிக்ஸ்டனின் தலையைக் கண்டுபிடித்து, அதன்மேல் கையை வைத்தார். அவர் சொன்னதைக் கேட்க நாங்கள் எல்லோரும் தண்ணீருக்குள் இரண்டடி முன்னால் போகவேண்டியிருந்தது. மைக் இல்லாத அவர் குரல் ரொம்பச் சின்னது.

"பரிசுத்த ஆவியின் நாமத்திலே."

அக்கரையில் ஒரு பெண் குலவையிட்டாள். பின்னால் இன்னொருத்தி, பிறகு எல்லோரும். நாக்குகள் துடிக்கிற அந்தச் சத்தம் எல்லையைக் கவனிக்காமல் தண்ணீர்மேல் ஓடிவந்து எங்கள்மேல் விழுந்தது. துப்பாக்கிப் பையன்களில் ஒருவன் சிரித்தே விட்டான். பதிலுக்கு என்ன செய்வதென்று எங்களுக்குத் தெரியவில்லை, கையை ஆட்டினோம்.

குன்னெல் தன் பூப்போட்ட துண்டால் சிக்ஸ்டனின் தலையைத் துவட்டினாள், பாத்திரம் துடைக்கிற வேகத்தில். "இப்ப ஞாபகம் வச்சுக்கோ," என்றாள். அவள் குரல் உடைந்திருந்தது. "காபி ஆறுது, வா."

எரிகோவுக்குப் போகும் வழியெல்லாம் ஸ்டெல்லான் பேசவில்லை. யாரும் இறங்கச் சொல்லாமலே பேருந்து முழுக்க மௌனம். சிக்ஸ்டன் என் பக்கத்தில் சொட்டச் சொட்ட உட்கார்ந்திருந்தான்.

"எப்படி இருந்துச்சு?" என்றேன்.

"சில்லுனு. வாயில சேறு. உள்ள ஒரே பச்சை வெளிச்சம்." கொஞ்சம் யோசித்தான். "ஸ்டெல்லான் என்னைக் கெட்டியாப் பிடிச்சிருந்தான். நான் பிடிச்சதைவிட."

கையை நெற்றிக்குக் கொண்டுபோனேன். என்னுடையது எப்போதோ காய்ந்திருந்தது. அவனுடையதிலிருந்து இன்னும் வழிந்துகொண்டிருந்தது, அவன் துடைக்கவில்லை.