கெடப்பு

கழுத்தும் தோளும் சேருகிற இடத்தில் பிடித்து முதுகின் வலப்பக்கம் முழுக்க இறங்குகிறது, தலையைத் திருப்பினால் கண்ணுக்குப் பின்னால் வெட்டுகிறது, பல்கலைக்கழகக் கணினி அறையில் நாள்கணக்காகக் குனிந்து உட்கார்ந்ததில் வந்த வலி, இதை வலி என்று எங்கள் தெருவில் சொன்னால் சிரிப்பார்கள், எனக்கே சிரிப்பு வருகிறது, இதே இடத்தில் வேறொரு வலி முன்னாலேயே குடியிருந்தது, காங்கிரீட் சட்டி தந்த வலி, பள்ளி, கல்லூரி விடுமுறைகளில் கோவில்பட்டியில் மூன்றாவது மாடிக்குச் சாரம் ஏறிய வலி, கண்ணை மூடினால் திரையின் கட்டங்கள் கம்பி கட்டிய தளமாகிவிடுகின்றன, கீழே கலவை மெஷின் சுற்றுகிறது, எனக்குக் கீழ்ப்படியில் நிற்கிற என் அக்கா குருவம்மா சட்டியை நீட்டுகிறாள், வாங்குட்டி, கனவா காணுத, கீழ போட்டா மேஸ்திரி ஒன்னைய ஒண்ணும் சொல்ல மாட்டான், எந்தலையத்தான் உருட்டுவான், நான் வாங்கி மேலே நீட்டுகிறேன், வாங்குகிறேன், நீட்டுகிறேன், நிறுத்த முடியாது, பாதியில் நிறுத்தினால் தளத்தில் ஒட்டு விழும், மழைக்கு ஒழுகும், அதனால் தளம் போடுகிற அன்றைக்கு மட்டும் கூடுதல் கூலி, அன்றைக்கு மட்டும் மூத்திரம் போகவும் வரிசையை விட்டு இறங்க விடமாட்டார்கள்.

மறுநாள் தெருவில் பாதிப் பேர் எழுந்திரிக்க மாட்டார்கள், அதற்கு எங்கள் பக்கம் ஒரு சொல் உண்டு, கெடப்பு, என்னக்கா வேலைக்குப் போகலியா, எங்கிட்டுப் போக, இன்னைக்குக் கெடப்புத்தான், ஓய்வு என்று ஒருத்தியும் சொல்லிக் கேட்டதில்லை, ஓய்வு என்றால் காலை நீட்டலாம், கெடப்பில் காலை நீட்டினால் உயிர் போகும், இதை நான் அன்றைக்கு யோசிக்கவில்லை, பல்கலைக்கழகத்தில் பொருளியல் எடுக்கிற வசுந்தரா மேடம் முதல் வகுப்பில் பலகையில் எழுதியபோதுதான் யோசித்தேன், இருபத்துநான்கு மணியிலிருந்து கூலி வேலையைக் கழித்தால் மிச்சம் ஓய்வு, மனிதன் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறான், எல்லோரும் எழுதிக்கொண்டார்கள், நானும் எழுதினேன், எழுதின கை வலித்தது.

ஆராய்ச்சி முதுகலைக்கு ஆய்வேடுதான் எல்லாம், சித்தாள் பெண்கள் எந்த நாள் வேலைக்குப் போனார்கள், எந்த நாள் போகவில்லை, ஏன், வீடு வீடாகக் கேட்டு வந்தேன், போகாத நாளுக்கு இரண்டு காரணம் எழுதினேன், வேலை கிடைக்கவில்லை என்பது ஒன்று, கெடப்பு என்பது ஒன்று, மேடம் தங்கமானவர்தான், எனக்கு விடுதியில் இடம் வாங்கித் தந்தவர், அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் திரையைப் பார்க்கிறார், கெடப்புன்னு ஒரு வகையே கிடையாதும்மா, வேலை இருந்தும் போகலைன்னா அது ஓய்வுதான், அதுல சேர்த்துடு, சேர்த்துப் பார்த்தேன், திரையில் அழகான ஒரு கோடு வந்தது, கூலி ஏற ஏற வேலைக்கு வருகிற நாளும் ஏறிப்போய், மேலே ஓரிடத்தில் பின்னால் மடங்கி விழுந்தது, கூடக் காசு பார்த்தால் ஏழை வேலைக்கு வரமாட்டான் என்கிற கோடு, மேடத்தின் முகம் மலர்ந்துபோயிற்று, புத்தகத்துல இருக்கற கோடு ஃபீல்டுல இவ்வளவு சுத்தமா கிடைக்கறது அபூர்வம், இதை வச்சே உனக்கு டாக்டரேட் சீட் கேக்கலாம், கூடக் கூலி எந்த நாளுக்கு என்று எனக்குத் தெரியும், தளம் போட்ட நாளுக்கு, அதற்கு மறுநாள் படுத்துக்கிடந்தவளைத்தான் இந்தக் கோடு சோம்பேறி என்கிறது, கெடப்பைத் தனியாகப் பிரித்தேன், கோடு மடங்கவில்லை, நேராக நின்றது.

வலியை எப்படிம்மா அளப்பே, மேடம் கேட்கிறார், கேட்டுக்கொண்டே இருக்கிறார், இப்போதும் காதில் கேட்கிறது, அவங்களா சொல்றதை அப்படியே நம்பிட முடியுமா, நான் சொன்னேன், வேலைக்குப் போனேன்னு சொன்னதும் அதே வாய்தான் மேடம், அதை மட்டும் எப்படி நம்பினீங்க, என் குரல் ஏறிவிட்டிருந்தது, கட்டட வேலையில் மெஷினுக்கு மேல் கத்திப் பழகிய குரல், அது இறங்கவில்லை, நான் இறக்கவுமில்லை, சேர்க்கலைன்னா இந்தப் பருவம் நான் கையெழுத்துப் போட முடியாதும்மா, அடுத்த பருவத்துக்குப் போயிடும், சீட்டும் போயிடும், யோசிச்சுச் சொல்லு, யோசிச்சிட்டேன் மேடம், பிரிச்சேதான் இருக்கும், போற சீட்டு போகட்டும், வெளியே வந்தபோது கால் நடுங்கியது, நடுங்கினால் என்ன, சாரத்திலும் நடுங்கத்தான் செய்தது, ஏறாமலா இருந்தேன்.

மாலையில் அக்காவுக்குப் போன் போட்டேன், படிப்பு இன்னும் ஆறு மாசம் இழுக்கும்க்கா, எதுக்குட்டி, ஃபெயிலாகிட்டியா, இல்லக்கா, கெடப்பை ஓய்வுன்னு எழுதச் சொன்னாங்க, முடியாதுன்னுட்டேன், அந்தப் பக்கம் சிரிப்பு, அந்தம்மாவ ஒரு நாள் தளத்துக்கு வரச் சொல்லு, மறுநா நம்ம வீட்டுலயே பாய் போட்டுத் தாரேன், நல்லா ஓய்வெடுக்கட்டும், நானும் சிரித்தேன், சிரிப்பு முடிகிற இடத்தில் அவள் இருமினாள், சரி, நாளைக்குத் தளம், நான் படுக்கேன், வைக்கட்டா, வைத்துவிட்டாள், நான் நுழைவுத்தேர்வு எழுதப் போன அன்றைக்கும் தளம்தான், தங்கச்சிக்குப் பதில் வேறு ஆள் வேண்டாம், அவ கூலியும் வீட்டுக்கு வரட்டும் என்று மேஸ்திரியிடம் சண்டை பிடித்து, இரண்டு பேர் நிற்கிற இடத்தில் ஒருத்தியாக நின்று, என் படியிலிருந்து அவள் படிக்கு, அவள் படியிலிருந்து என் படிக்கு ஏறி இறங்கிச் சட்டி கடத்தியிருக்கிறாள், நான் தேர்வு முடிந்து பஸ்ஸைவிட்டு இறங்கி வீட்டுக்கு வந்தபோது சுவர்ப் பக்கம் திரும்பிக் கிடந்தாள், நல்லா எழுதுனியா என்று சுவரைப் பார்த்தே கேட்டாள், அக்காவுக்குப் பதில் நான் ஒரு நாள் சட்டி தூக்க வேண்டும், அது இன்னும் பாக்கி.