ஏழு போன்களின் பிரார்த்தனை

நெட்டை டிபன் பாக்ஸைத் திறந்து ஒரு சீட்டை எடுத்தாள். பிரித்தாள்.

"கேப்டன்."

ஐந்தாவது வாரமாக அதே பெயர். மைதானத்தின் ஓரத்தில் நின்ற மற்ற ஐந்து பேரும் நிம்மதியாக மூச்சு விட்டார்கள். நெட்டை விடவில்லை. பாக்ஸைக் கவிழ்த்து மிச்சமிருந்த ஆறு சீட்டுகளையும் பிரித்தாள்.

கேப்டன். கேப்டன். கேப்டன்.

"எல்லாத்துலயும் உன் பேருதான்! என்னடி தில்லுமுல்லு இது?"

கேப்டனுக்குப் பதினாறு வயது. வகுப்பில் எழுந்து நின்று "எனக்கு சாமி நம்பிக்கை கிடையாது மிஸ்" என்று சொன்ன ஒரே ஆள். இப்போது குனிந்து, ஏற்கெனவே கட்டியிருந்த ஷூ லேஸை மறுபடி கட்டினாள்.

விஷயம் இதுதான். சனிக்கிழமை ஐந்திலிருந்து ஆறு வரை பிரார்த்தனைக் கூடம். பிள்ளைகள் போகிறார்களா என்று பார்க்க, ஏழு அம்மாக்களும் ஏழு போன்களில் ஓர் ஆப்பைப் போட்டிருந்தார்கள். பிள்ளை எங்கேயோ அங்கே மேப்பில் ஒரு பச்சைப் புள்ளி. கேப்டன்தான் வழி கண்டுபிடித்தாள். ஏழு போன்களையும் ஒரே பையில் போட்டுக்கொண்டு ஒருவர் மட்டும் கூடத்தில் உட்கார வேண்டும். மற்ற ஆறு பேர் பாஸ்கெட்பால் ஆடலாம். யார் உட்காருவது? குலுக்கல். மாட்டியவர் தலையெழுத்து.

"தண்டனைக்கு யாராச்சும் ஆசைப்படுவாங்களா? உள்ள எவனோ இருக்கான்" என்றது ஒரு குரல்.

"நம்ம மெசேஜ் எல்லாம் படிக்கிறாளோ?" என்றது இன்னொன்று.

கேப்டன் பையைத் தூக்கிக்கொண்டு விடுவிடுவென்று நடந்தாள். பத்தடி பின்னால் நெட்டை.

கூடத்தில் கடைசி பெஞ்ச். மேலே ஒரு ஃபேன் கடகடத்தது. முன்வரிசையில் யாரோ இருமினார்கள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. கேப்டனுக்குப் பிடித்ததே அதுதான். வீட்டில் இரண்டே அறை, ஒரு தம்பி, ஓயாத டி.வி., நிமிஷத்துக்கு ஒரு கேள்வி. இங்கே கேள்வியே கிடையாது.

முதல் தடவை மாட்டியபோது போரடித்துப்போய் கூரையைப் பார்த்து வம்புக்கு இழுத்தாள்: "ஆறு போனை சைலண்ட்ல போட்டுட்டேன். என்னோடது மட்டும் உனக்காகத் திறந்திருக்கு. நீ இருந்தா கூப்பிடு." அடிக்கவில்லை. அடுத்த தடவை மாட்டியபோதும் அடிக்கவில்லை. மூன்றாவது தடவை, பள்ளியில் நடந்த ஒரு அவமானத்தைச் சொல்லிப் பார்த்தாள். ஆள் இல்லாவிட்டால் நல்லதுதானே, விஷயம் வெளியே போகாது! எழுந்தபோது மனசு லேசாக இருந்தது. அதற்கப்புறம்தான் சீட்டில் தில்லுமுல்லு.

நெட்டை பக்கத்தில் வந்து இடித்தாள். "கண்ண மூடிட்டு என்ன பண்ற? கும்பிடுறியா?"

"சீச்சீ. கூப்பிடுறாரான்னு பாக்குறேன்."

"யாரு, அந்தப் பையனா?"

"பையனும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல." கேப்டன் பல்லைக் கடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னாள். "பசங்க காதுக்குப் போச்சு, நீ தொலைஞ்ச."

நெட்டைக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. துப்பட்டாவை வாயில் திணித்துக்கொண்டாள். "எங்க, என் முன்னாடி ஒரு தடவை கேளு."

கேப்டன் கூரையைப் பார்த்தாள். "இருந்தா கூப்பிடுங்க பாப்போம்."

"'கூப்பிடுங்க'வா? மரியாதை எல்லாம் பலமா இருக்கே!"

பை அலறியது.

முன்வரிசை மொத்தமும் திரும்பியது. நெட்டை அவள் கையை இறுக்கிப் பிடித்தாள். "அய்யோ, நிஜமாவே!"

கேப்டன் போனை எடுத்தாள். திரையில் 'அம்மா'.

வாசலில், வேலை பார்க்கும் மருந்துக் கடையின் வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றாமல், போனைக் காதில் வைத்தபடி அம்மா.

"ஏழு புள்ளியும் ஒண்ணு மேல ஒண்ணு ஏறி உக்காந்திருக்கு" என்றாள், கிட்டே வந்து. "ஏழு பேரும் ஒரே பெஞ்சுல ஒருத்தர் மடியில ஒருத்தரான்னு பாக்க வந்தேன்." பையைத் திறந்தாள். "போனெல்லாம் பக்தியாத்தான் இருக்கு. பிள்ளைங்க எங்க?"

"ஆன்ட்டி, இவ நிஜமாவே..."

கேப்டன் நெட்டையின் தொடையில் கிள்ளினாள். உண்மையைச் சொன்னால் தப்பிக்கலாம். ஆனால் அம்மா பூரித்துப்போவாள். தெருவுக்கே சொல்வாள். அடுத்த வாரம் பக்கத்திலேயே வந்து உட்கார்ந்து, என்ன வேண்டிக்கொண்டாய் என்று கேட்பாள். இங்கேயும் கேள்வி.

"நடிச்சோம்மா" என்றாள்.

அம்மா பையை மூடினாள். "பிடிக்கலன்னா பிடிக்கலன்னு சொல்லித் தொலைச்சிருக்கலாமேடி. இனிமே இந்தப் பக்கமே வராத. போய் விளையாடு. எங்கிட்ட பொய் மட்டும் வேணாம்."

செய்தி ஏழு வீட்டுக்கும் போனது. ஏழு போன்களிலும் ஆப் காணாமல் போனது. விடுதலை வாங்கித் தந்தவள் என்று கும்பல் கேப்டனைத் தோளில் தூக்கிவைத்து ஆடியது. மேலே உட்கார்ந்திருந்தவள் முகம் மட்டும் பரீட்சையில் கோட்டைவிட்ட மாதிரி இருந்தது.

அடுத்த சனிக்கிழமை. மணி ஐந்தாகப் பத்து நிமிஷம். ஷூ மாட்டிக்கொண்டு, கையில் பந்தோடு கேப்டன் கிளம்பினாள்.

"எங்கடி?"

"விளையாடத்தாம்மா."

மைதானத்தில் நெட்டை, "கேப்டனுக்குக் கால் சுளுக்கு, வரமாட்டா" என்று கூசாமல் அளந்துகொண்டிருந்தாள். சுளுக்கு விழுந்த கால்கள் கூடத்தின் பக்கவாட்டுக் கதவு வழியாகப் பூனை மாதிரி நுழைந்தன. கடைசி பெஞ்ச். பந்தைக் காலடியில் உருளாமல் அணைகொடுத்து வைத்தாள். ஃபேன் கடகடத்தது.

"போன் எடுத்துட்டு வரல" என்றாள் மேலே பார்த்து, மெல்லிய குரலில். "கூப்பிட வேணாம். எங்கம்மாகிட்ட மட்டும் போட்டுக்கொடுத்துடாதீங்க."